ஜெயிக்கும் முன்னே தூக்கிய கப்பு

ஜூன் 5, வியாழன்

காலையிலேயே வெயில் சுளீர். வில்லியனூர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தும் பிரயோஜனமில்லை. வெயில் பக்கம்.

கல்லூரியில் ‘தொலைக்காட்சி, விளையாட்டுப் பிரிவு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு இன்டர்ன்ஷிப் வந்தேன். நேரில் அந்தப் பிரிவு என்பது: ஒரு மேஜை, ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி (ஒன்றுக்குக் கால் ஆட்டம்), ஜன்னல் சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்த கிரிக்கெட் மட்டை. ராசிபலன் நிகழ்ச்சியின் பின்திரையும் எங்கள் அறையில்தான் சுருட்டிக் கிடக்கிறது. பிரிவின் தலைவர் குணா அண்ணன் (இனி கு.அ.). கேமரா அருள் அண்ணன். அப்புறம் நான். அவ்வளவுதான் ஊழியர் பட்டியல்.

வில்லியனூரிலிருந்து சுற்றுப்பக்க ஊர்களுக்கு மட்டும் போகும் கேபிள் சேனல். ஏழரைக்கு விளையாட்டுச் செய்தி. முன்னால் மஞ்சள் நீராட்டு வாழ்த்து, பின்னால் கண்ணீர் அஞ்சலி. நடுவில் நாங்கள்.

அப்பா எங்கள் ஊர் கரிக்கலாம்பாக்கத்தில், தன் கடை வாசலில், துவரம்பருப்பு விலை எழுதும் கரும்பலகையில், பருப்பை அழித்துவிட்டு எழுதியிருக்கிறார்: “எங்கள் பவித்ரா பணியாற்றும் டிவி. தினமும் 7.30. காணத் தவறாதீர்.” மளிகைக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது. நல்லாவும் இருக்கிறது, பொய் சொல்வானேன்.

வாங்க வேண்டியது: ஹெட்போன் பஞ்சு, பேனா, தலைவலி மாத்திரை.

ஜூன் 7, சனி

புழுக்கம். மழை வரும்போல் ஏமாற்றியது.

இன்று ஒரு தொழில் ரகசியம் கற்றேன். இந்தப் பக்கத்துப் போட்டிகள் எதுவும் ஏழரைக்குள் முடிவதில்லை. சிறப்பு விருந்தினர் லேட், சால்வை லேட், மைக் செட் லேட். அதனால் கு.அ. கண்டுபிடித்த வழி: இறுதி ஆட்டம் தொடங்கும் முன்பே ரெண்டு கேப்டனையும் தனித்தனியாகக் கப்பைத் தூக்க வைத்து, கத்த வைத்து, “எங்க ஊருக்குக் கெடைச்ச பெருமை” என்று பேச வைத்து எடுத்துவிடுவது. ஆட்டம் பாதியில் இருக்கும்போதே கிளம்பி டிவி ஸ்டேஷனுக்கு வந்துவிடலாம். யார் ஜெயித்தது என்று போனில் கேட்டு, அந்தப் படத்தை ஓட்டுவது. மற்றதை அழித்துவிடுவது.

“ரெண்டு கப்பு ஷாட்டு. எழுதி வெச்சிக்க,” என்றார் கு.அ. “ஏழரைக்கு இட்லி சூடா வேணும் ஜனங்களுக்கு. மாவு எப்ப அரைச்சீங்கன்னு எவனும் கேக்க மாட்டான்.”

சிரித்தேன். எழுதியும் வைத்தேன்.

நாளை பாகூரில் பெண்கள் கபடி இறுதி. பாகூர் அணியும் எங்கள் ஊர் அணியும்! எங்கள் கேப்டன் சுகன்யா அக்கா. எங்கள் தெருவுக்குப் பின் தெரு. சேதராப்பட்டு கம்பெனியில் பேக்கிங் வேலை, ஷிப்டு முடித்து வந்து பள்ளிக்கூட மைதானத்தில் பிராக்டிஸ். அடுத்த ஞாயிறு வில்லியனூரில் மாநில அணிக்கு செலக்‌ஷன். அதில் பேர் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்று ஊரே பேசுகிறது. அக்காதான் பேசுவதில்லை.

ஜூன் 9, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இப்போதும் கை வரவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

பாகூர் மைதானம். ஷாமியானா, கமிட்டி மேஜையில் கப்பு, என் இடுப்பு உயரம். பாகூர் கேப்டன் நாங்கள் கேட்டதும் சிரித்துக்கொண்டே தூக்கினாள். ரெண்டு டேக்கில் ஓகே.

சுகன்யா அக்கா முடியாது என்றாள்.

“ஜெயிக்காம கப்ப நான் தொட மாட்டேன். வேற இன்னா வேணா கேளு.”

“சும்மா பார்மாலிட்டிக்கா. ஜெயிச்சாதான் போடுவோம்.”

“தோத்தா?”

“உடனே அழிச்சிடுவோம். நான் பொறுப்பு.”

“தொட்டா வெளங்காது பவி. எங்க பசங்களும் யாரும் தொட மாட்டாளுங்க. கேட்டுப் பாரு.”

கு.அ. தூரத்தில் நின்று கைக் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். எனக்கு அவரிடம் கெட்டிக்காரி என்று பேர் வாங்க வேண்டும். “எனக்காகக்கா. எங்கப்பா கடையில எல்லாரும் பாப்பாங்க. நீங்க ஜெயிச்சும் டிவியில வராம போனா நல்லாவா இருக்கும்?” என்று கெஞ்சினேன். நான் கெஞ்சினால் கொஞ்சம் அழுகிற மாதிரி குரல் வரும். அது எனக்கே தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அக்கா கையை ஜெர்சியில் துடைத்துக்கொண்டு தூக்கினாள். முகத்தில் சிரிப்பு வரவில்லை. “சிரிங்கக்கா” என்றேன். சிரித்தாள்.

முதல் பாதி முடிந்ததும் சால்வை, பேச்சு என்று இழுக்க ஆரம்பித்தார்கள்; நாங்கள் கிளம்பினோம். ஸ்டேஷனில் எல்லாம் தயார், முடிவு மட்டும் வரவில்லை. கமிட்டியின் மைக் செட் அண்ணனுக்குப் போன் போட்டேன். பின்னால் ஒரே இரைச்சல். “உங்க ஊருதான்மா முன்னாடி. இன்னும் கொஞ்ச நேரந்தான் பாக்கி. முடிஞ்ச மாதிரிதான்.”

கு.அ. கதவிலிருந்து: “முடிஞ்சிதா?”

“முடிஞ்சிடுச்சிண்ணா. எங்க ஊரு.”

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். மைக் செட் அண்ணன் தவறாகச் சொல்லவில்லை. எனக்கும் சரியாகத்தான் கேட்டது. கடை டிவி முன்னால் அப்பா நிற்பதும், பக்கத்தில் சர்க்கரை வாங்க வந்தவர்கள் நிற்பதும் கண்ணில் தெரிந்தது. இன்னும் ஐந்து நிமிஷம் காத்திருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? ஒன்றும் போயிருக்காது. காத்திருக்கவில்லை.

படம் ஓடியது. ‘கரிக்கலாம்பாக்கம் சாம்பியன்’. சுகன்யா அக்கா கப்போடு சிரித்தாள்.

கடைசி ரெய்டு அக்காதான் போனாளாம். நடுக்கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது காலைப் பிடித்துவிட்டார்களாம். ஒரு பாயிண்டில் ஜெயித்தது பாகூர்.

இதற்கு மேல்தான் எழுத முடியாதது. டிவியைப் பார்த்து எங்கள் ஊரில் சரவெடி வாங்கி வைத்துவிட்டார்கள். (வெடி எங்கள் கடையில் வாங்கியது. தீபாவளி மிச்சம். அப்பா சும்மாவே கொடுத்தாராம்.) தோற்ற பெண்கள் டாடா ஏஸில் பின்னால் நின்றுகொண்டு வந்து பஸ் ஸ்டாப்பில் இறங்குகிறார்கள், வெடி வெடிக்கிறது, பெரிய மாலையோடு ஆள் நிற்கிறது. சுகன்யா அக்கா வண்டியிலிருந்து இறங்கி, “நாங்க தோத்துட்டோம்” என்று சொல்ல வேண்டியிருந்தது. வெடிச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. திரும்பச் சொன்னாளாம். கத்திச் சொன்னாளாம்.

அம்மா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நான் அப்போது ஸ்டேஷனில் கு.அ. வாங்கித் தந்த பரோட்டா தின்றுகொண்டிருந்தேன்.

ஜூன் 9, சாயந்தரம்

கு.அ. போனில் மைக் செட் அண்ணனைக் கிழி கிழியென்று கிழித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து நகம் கடித்தேன். வாயைத் திறக்கவில்லை.

“மறுப்புப் போடலாமாண்ணா? நாமதான் முன்னாடியே எடுத்தோம்னு...”

“பைத்தியமா உனுக்கு? அத்த சொன்னா அப்பறம் ஒருத்தன் நம்பளுக்குக் கப்ப குடுப்பானா? ஓடுற எழுத்துல போடு. தொழில்நுட்பக் கோளாறுன்னு.”

எழுதினேன். ‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாக நேற்றைய கபடிச் செய்தி தவறாக ஒளிபரப்பானது. வருந்துகிறோம்.’ நகைக்கடை விளம்பரத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவில் ஓடியது. அந்தக் கோளாறு நாற்காலியில் உட்கார்ந்து அதைப் படித்தது.

ஜூன் 10, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. வயிற்று வலி என்று சொன்னேன். கடையில் அப்பாவுக்கு ஒத்தாசை.

ஊரில் கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. கப்பு தூக்கும் படம் எல்லார் போனிலும். பாகூர்ப் பையன்கள் அதற்கு அழுகைச் சத்தம் சேர்த்து ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் சொல்வது அதைவிட மோசம்.

எண்ணெய் வாங்க வந்த அம்மாள்: “தோத்துட்டு, அடுத்தவ கப்ப கேட்டு வாங்கித் தூக்கிப் படம் எடுத்துக்கினாளாம். டிவியில வரணும்னு அவ்ளோ ஆச.”

அப்பா: “வெக்கமில்லாத பொண்ணு. எங்க பவி ஸ்டேஷனையே ஏமாத்திட்டா பாருங்க.”

நான் உளுந்து நிறுத்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை. தராசு முள்ளை அவ்வளவு கவனமாக என்றைக்குமே பார்த்ததில்லை.

அப்போதுதான் சுகன்யா அக்கா வந்தாள். கம்பெனி யூனிபார்ம், அடையாள அட்டை கழுத்தில். ஷாம்பு பாக்கெட், கோதுமை மாவு கேட்டாள்.

அப்பா சிரித்துக்கொண்டே, “இன்னாமா, கப்பு எங்க?”

அக்கா என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். “உங்க பொண்ணுதான் தூக்கச் சொல்லிச்சி” என்றால் முடிந்தது. காதெல்லாம் சூடாகிவிட்டது எனக்கு.

“கப்பு ஜெயிச்சவங்ககிட்ட இருக்குதுப்பா,” என்று சொல்லிவிட்டு மாவை எடுத்துக்கொண்டு போனாள்.

ஏன் சொல்லவில்லை? சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

ஜூன் 11, புதன்

ஸ்டேஷன். ஒரு இறகுப்பந்துச் செய்தி, ஒரு சிலம்பச் செய்தி. உச்சரிப்பு நல்லாயிருக்கு என்றார் கு.அ.

மத்தியானச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

சுகன்யா அக்கா செலக்‌ஷனுக்குப் போக மாட்டாளாம். அம்மாதான் தண்ணி பிடிக்கும் இடத்தில் கேட்டுவந்தது. ஷூவைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாளாம்.

ஷூவைக் கொடுத்துவிட்டாள்.

ஜூன் 12, வியாழன்

அக்கா வீட்டுக்குப் போனேன். கரும்பு வெட்டின கொல்லையில் இப்போது பிளாட் கல் நட்டிருக்கிறார்கள், அதை ஒட்டின வீடு. ஸ்டேஷனிலிருந்து வரும்போது பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்த மன்னிப்பு. ‘அவசரப்பட்டுட்டேன், முடிவு தெரியாம போட்டுட்டேன்’ என்று ஆரம்பித்து மூன்று வாக்கியம்.

அக்காவின் அம்மா வாசலிலேயே நிறுத்தினாள். “கேமராக்காரங்க யாரும் எங்க வூட்டுக்கு வராதீங்க.”

“கேமரா இல்லம்மா. நான் மட்டுந்தான்.”

“நீதான் வேணாம்னு சொல்றேன்.”

அக்கா உள்ளிருந்து வந்தாள். ஈரத் துணியைக் கொடியில் போட்டுக்கொண்டே கேட்டாள். நான் மூன்று வாக்கியத்தையும் சொன்னேன். முடிஞ்சிடுச்சி என்று பொய் சொன்னதையும் சொன்னேன்.

“டிவியில போட்டதுக்கா மன்னிப்பு கேக்கற?” என்றாள். “அத்த வுடு. நாலு நாளு சிரிப்பானுங்க, அப்பறம் வேற எவளாவது கெடைப்பா.”

“அப்பறம் எதுக்குக்கா செலக்‌ஷனுக்குப் போக மாட்டேன்னு சொல்றீங்க?”

துணியை உதறினாள்.

“தொட வெச்சியே பவி. கோட்டுக்குக் கைய நீட்டறேன். எட்டிடும்னு எனக்குத் தெரியும். அந்த நேரத்துல கையில கப்பு கனம் வந்துச்சி. தொட்டுட்டோமேன்னு நெனச்சேன். அவ்ளோதான், இழுத்துட்டாளுங்க. எங்க பசங்க ஆறு பேரும் என்னால தோத்தாங்க. நீ கெஞ்சின, நான் தொட்டேன். கை என்னுதுதான.”

அதெல்லாம் மூடநம்பிக்கை அக்கா என்று வாய் வரைக்கும் வந்தது. நல்லவேளை சொல்லவில்லை. அது மூடநம்பிக்கையோ இல்லையோ, அக்காவின் கைக்கு அந்தக் கனத்தை நான்தான் கொடுத்தேன். நான் மன்னிப்புக் கேட்கப் போனதே தப்பான குற்றத்துக்கு. அசிங்கமாக இருக்கிறது. என்ன குற்றம் செய்தேன் என்றுகூட எதிராளி சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது.

“எங்கப்பாகிட்ட ஏன்க்கா சொல்லல?”

“உங்கப்பா பலகையில எழுதி வெச்சிருக்காரே உன் பேர. எப்படிச் சொல்றது?”

ஜூன் 13, வெள்ளி

சாயந்தரம் மழை. கடையில் மழைக்கு ஒதுங்கினவர்களும் சேர்த்து நல்ல கூட்டம். எண்ணெய் அம்மாளும் இருந்தாள். யாரோ போனில் அந்தப் படத்தைப் போட்டு, அழுகைச் சத்தம் வந்தது. சிரித்தார்கள். அப்பாவும்.

சொல்லிவிட்டேன்.

எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. “அக்கா கேட்டு வாங்கல. மாட்டேன்னுதான் சொன்னாங்க. நான்தான் கெஞ்சித் தூக்க வெச்சேன். ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. ரெண்டு பேரையும் அப்படித்தான் எடுப்போம். ஆட்டம் முடியறதுக்குள்ள முடிஞ்சிடுச்சின்னு சொன்னதும் நான்தான்.” அவ்வளவுதான் இருக்கும்.

டிவியில் ஏதோ விளம்பரம் பாடிக்கொண்டிருந்தது. எண்ணெய் அம்மாள், “அடிப்பாவி, பாவம்டி அந்தப் பொண்ணு,” என்றாள். செவ்வாய்க்கிழமை பேசினதும் இதே வாய்தான். நான் யாரைச் சொல்ல.

மழை விட்டதும் அப்பா வாசலுக்குப் போனார். பலகையில் எழுத்து மழையில் பாதி போயிருந்தது. மீதியை உள்ளங்கையால் அழித்தார். அப்புறம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே, “நானும் சிரிச்சேனேடி” என்றார். வேறு எதுவும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரெண்டு பேரும் தட்டை மட்டும் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.

ஜூன் 14, சனி

கு.அ.வுக்குக் காலையிலேயே செய்தி போய்விட்டது. உள்ளே போனதும், “தொழில நடுத் தெருவுல போட்டு ஒடைச்சிட்டியேமா.” மைக் செட் அண்ணன்மேல் தப்பில்லை என்பதையும் சொன்னேன். அது இன்னும் கோபம். பிறகு தணிந்து உட்கார்ந்தார். “எத்தினி வருசமா எடுக்கறேன். ஒருத்தியும் தொட மாட்டேன்னு சொன்னதில்ல.” கொஞ்சம் கழித்து, “சொல்லியிருப்பாளுங்க. நான் கேட்டிருக்க மாட்டேன்,” என்றார்.

திங்கள் முதல் வர வேண்டாம் என்றார். சர்டிபிகேட் பற்றி நானும் கேட்கவில்லை.

கிளம்பும்முன் அருள் அண்ணனிடம் அந்தப் படத்தை அழிக்கச் சொன்னேன். அழித்தார். “ஊர்ல எல்லார் போன்லயும் கெடக்குது. இனிமே இங்க மட்டுந்தான் இல்ல,” என்றார். உண்மைதான். ஆனால் அழிக்கிறேன் என்று சொல்லியிருந்தேனே.

வீட்டுக்கு வந்தால் கடையில் சுகன்யா அக்கா. முகம் கடுகடு.

“உன்ன யாரு சொல்லச் சொன்னது? சிரிச்சிக்கினு இருந்தவங்க இப்ப எல்லாம் பாவம் பாவம்னு பாக்கறாளுங்க. பஸ்ல எழுந்து எடம் குடுக்கறா ஒருத்தி, நோயாளிக்குக் குடுக்கற மாதிரி. சிரிச்சாவே பரவால்ல.”

நான் நின்றேன். நான் எதைச் செய்தாலும் அக்கா தலையில்தான் விடிகிறது.

“நாளைக்குக் காலையில மொத பஸ்ஸு. நீ வர்ற.”

“எங்கக்கா?”

“வில்லியனூரு. செலக்‌ஷன். இவளுங்க பாவம்னு சொல்றத நிறுத்தணுமில்ல. பை வெச்சிக்க ஆளு வேணும்.”

“ஷூ?”

“திருப்பி வாங்கிட்டேன். குடுக்க மாட்டேன்னு ஒரே அழுவ அந்தப் பொண்ணு.”

அப்பா கல்லாவிலிருந்து எழுந்து வந்து, ரெண்டு குளுக்கோஸ் பாக்கெட்டை எடுத்து அக்கா முன்னால் வைத்தார். அக்கா பார்த்தாள். “எழுதி வெச்சிக்கப்பா, சம்பளத்துல குடுக்கறேன்” என்று சொல்லி எடுத்துக்கொண்டாள். சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. அதுவும் சரிதான்.

ஜூன் 15, ஞாயிறு

மைதானத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேப்பமர நிழல், அது பாதிதான் விழுகிறது. மைக் இல்லை, அடையாள அட்டை இல்லை. ஒரு பை மட்டும்.

ஆட இறங்கும் முன் அக்கா பையை என் மடியில் வைத்தாள். “புடி. தொறக்காத. உள்ள எதையும் தொடாத.” முகத்தில் சிரிப்பு இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும். கேட்கத் தைரியமில்லை. மன்னித்துவிட்டாளா என்றும் தெரியாது. ஒரேயடியாக மன்னிக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

ஏகப்பட்ட பெண்கள். நெட்டப்பாக்கத்திலிருந்து ஒரு கும்பல், நல்ல உயரம். பாகூர் கேப்டனும் இருக்கிறாள். அக்காவைப் பார்த்ததும் வந்து பேசினாள். என்ன பேசினார்களோ, ரெண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பையைப் பார்த்தேன்.

முதல் ரெய்டில் அக்கா வெறுங்கையோடு வந்தாள். ரெண்டாவதில் பிடிபட்டாள். மூன்றாவதில் ரெண்டு பேரைத் தொட்டுவிட்டு, விழுந்து, புழுதியோடு புழுதியாகக் கையை நீட்டிக் கோட்டைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். நான் கத்தவில்லை. கத்த எனக்கு என்ன பாத்தியதை.

இப்போது ஆளை மாற்றி மாற்றி உள்ளே இறக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் ஒரு ஆட்டம் இருக்கிறது. அதற்கப்புறம்தான் பேர் படிப்பார்கள்.

அப்பா போன். பின்னால் கடைச் சத்தம், எண்ணெய் அம்மாள் குரல், இன்னும் யார் யாரோ. “இன்னாச்சி பவி? எடுத்துட்டாங்களா? இங்க எல்லாரும் கேக்கறாங்க. நல்லாத்தான ஆடறா? எடுத்த மாதிரிதான?”

“இன்னும் முடியலப்பா,” என்றேன். “முடிஞ்சதும் சொல்றேன்.”